தோளில் தூக்கிய வெளிச்சம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரொரன்ரோவில் இருந்து மருமகன் தொலைபேசியில் பேசினார். என் கடைசித் தங்கையின் மூத்த மகன். கணினித் துறையில் வேலை. வார இறுதிகளில் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிறார். வருகிற ஆனி மாதம் நண்பர் ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் திருமணம். மணமக்களைக் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நிறுத்திப் படம் எடுப்பதாக ஏற்பாடு.

"மாமா, வெளியிலை கொண்டுபோற பற்றறி பிளாஷ் ஒண்டு வாங்கவேணும். ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லினம். நீங்கள் எத்தினை வருசம் பேப்பரிலை இருந்தனீங்கள், எதை வாங்கிறது எண்டு சொல்லுங்கோவன்" என்றார்.

நான் படப்பிடிப்பாளன் அல்லன். செய்தி எழுதிப் பிழைத்தவன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படப்பிடிப்பாளர்களோடு ஒரே வாகனத்தில் போய், அவர்களுடைய பற்றறிப் பையைத் தூக்கி, "கொஞ்சம் தள்ளி நில்லும்" என்று ஏச்சும் வாங்கியவன் என்ற வகையில் சொல்வதற்குச் சில விடயங்கள் உண்டு. தொலைபேசியில் சொல்லி முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

பற்றறியைத் தூக்கிக்கொண்டு வெளியிடத்துக்குப் போய்ப் படம் பிடிக்கும் வழக்கம் நாம் நினைப்பதிலும் பழையது. 1861 இல் பாரிஸ் நகரின் நிலத்தடிப் பிணக்குகைகளைப் படம் பிடித்த நதார் என்பவர் (நம் ஊர் நாடார் அல்லர், பிரெஞ்சுக்காரர், அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்) புன்சன் மின்கலங்களைக் கொண்டு வில்விளக்கு எரித்தார். நாகம், கரி, காரமான அமிலங்கள் என்பவற்றால் ஆன கலங்கள் அவை. ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை பிடித்தது. அவ்வளவு நேரம் எந்தத் தொழிலாளியும் அசையாமல் நிற்கமாட்டான் என்பதனால் பொம்மைகளுக்கு உடுப்புப் போட்டு நிறுத்தினார்.

அதன் பிறகு மகனீசியம் வந்தது. 1865 இல் பியாற்சி சிமித் என்ற வானியலாளர் எகிப்தின் பெரிய பிரமிட்டுக்குள் மகனீசியம் எரித்துப் படம் எடுத்தார். 1887 இல் ஜேர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மகனீசியத் தூளோடு பொற்றாசியங்குளோரேற்றும் அந்திமனி சல்பைட்டும் கலந்து, கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து முடியும் தூளைச் செய்தனர். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு அதைத் தேடிப் பிடித்தவர் நம்முடைய தொழில்காரர் ஒருவர். நியூயோர்க்கில் பொலிஸ் செய்திகளைச் சேகரித்து வந்த ஜேக்கப் ரீஸ். இருட்டறைகளில் நெருக்கியடித்துத் தூங்கிய ஏழைக் குடியேறிகளை எழுத்தில் எவ்வளவு விவரித்தும் எவரும் கவனிக்கவில்லை என்பது அவர் குறை. முதலில் துப்பாக்கி போன்ற கருவியில் தூளை வெடித்தார். சனங்கள் பயந்து ஓடவே பொரிக்கும் சட்டிக்கு மாறினார். இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தனக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1890 இல் அவருடைய புத்தகம் வெளிவந்த பின்னர்தான் அந்தக் குடியிருப்புகள் பற்றிய சட்டங்கள் மெல்ல அசையத் தொடங்கின.

தூளின் காலம் 1929 உடன் முடியத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜேர்மனியில் கண்ணாடிக் குமிழுக்குள் அலுமினியத் தாளையும் ஒட்சிசனையும் அடைத்த பிளாஷ் பல்ப் விற்பனைக்கு வந்தது. புகை இல்லை, தீப்பிடிக்கும் பயம் இல்லை. ரோச் பற்றறி கொடுக்கும் சின்ன மின்னோட்டமே அதைப் பற்றவைக்கப் போதும். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களின் ஸ்பீட் கிராபிக் கமராவின் பக்கத்தில் நீட்டாக ஒரு குழாய் இருக்குமே, அதற்குள் இருந்தவை மூன்று பெரிய ரோச் பற்றறிகள்தாம். மொத்தம் நாலரை வோல்ற். அதே கிராபிளெக்ஸ் குழாய்தான் 1977 இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் கதாநாயகனின் ஒளிவாளுக்குப் பிடியானது.

பிளாஷ் பல்பை நானும் கண்டிருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் படம் பிடிக்கிறவருக்குப் பின்னால் பொடியன்கள் ஒரு கூட்டமாகத் திரிவோம். எரிந்த பல்பைக் கழற்றி எறிந்ததும் பொறுக்குவதற்குப் போட்டி. கை சுடும். உள்ளே சாம்பல் நிறத்தில் முத்து முத்தாக உருகிக் கிடக்கும். ஒரு படத்துக்கு ஒரு பல்ப் என்பதனால் அந்தக் காலத்துப் படப்பிடிப்பாளர் அளந்துதான் சொடுக்குவார்.

பல்பையும் பற்றறியையும் வைத்துக்கொண்டு மனிதன் எந்த எல்லைக்குப் போனான் என்று அறிய விரும்புகிறவர்கள் வின்ஸ்டன் லிங்க் என்ற அமெரிக்கரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். படித்தது குடிசார் பொறியியல். பார்த்த தொழில் விளம்பரப் படப்பிடிப்பு. 1955 இல் நோபோக் அன்ட் வெஸ்ரேர்ன் ரயில் பாதையில் நீராவி இயந்திரங்கள் ஓய்வு பெறப் போகின்றன என்று அறிந்து, தன் சொந்தச் செலவில் 1960 வரை அவற்றைப் படம் பிடித்தார். பெரும்பாலும் இரவில். பகலில் சூரியன் தன் இடத்தில், தண்டவாளம் தன் இடத்தில், இரண்டையும் நகர்த்த முடியாது. இரவிலோ வெளிச்சம் முழுவதும் தன் சொற்படி கேட்கும் என்பது அவர் கணக்கு. பற்றறியும் கொள்ளளவியும் சேர்ந்த மின் வழங்கியைத் தானே கட்டினார். பல நூறு அடி நீளக் கம்பிகளை வயல்களுக்கு ஊடாக இழுத்தார். 1956 ஓகஸ்ட்டில் மேற்கு வேர்ஜினியாவின் யேகர் என்ற ஊரில், திறந்தவெளித் திரையரங்கு ஒன்றை ஒட்டி ரயில் போகும் காட்சிக்கு அவர் ஒரே கணத்தில் எரித்த பல்புகள் நாற்பத்து மூன்று. ரயில் நிற்காது, இரண்டாம் முறை கிடையாது. அந்தப் படத்தில் திரையில் தெரியும் விமானம் பிறகு வேறு நெகற்றிவில் இருந்து சேர்க்கப்பட்டது. பல்புகளின் வெளிச்சம் திரையை வெளிறச் செய்துவிட்டதாம். பத்திரிகைக்காரனாக எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் படத்தைப் பார்த்தால் கோபம் வருவதில்லை.

இன்றைய பிளாஷின் பிதாமகர் வேறொருவர். எம்.ஐ.ரி.யின் ஹரோல்ட் எட்ஜேர்ட்டன். 1931 இல், கொள்ளளவியில் சேர்த்து வைத்த மின்னை வாயு நிரப்பிய குழாய் ஒன்றினூடாக ஒரே மூச்சில் பாய்ச்சி, மின்னல் போன்ற ஒளியைத் திரும்பத் திரும்பப் பெறும் வழியைக் கண்டார். பால் துளி கிரீடம் போல எழும் படம் அவருடையதே. 1944 இல் நோமண்டித் தரையிறக்கத்துக்கு முந்திய இரவில் விமானத்தில் இருந்து நிலத்தைப் படம் பிடித்ததும் அவருடைய பிளாஷ்தான். அதைத் தோளில் தூக்கும் அளவுக்குச் சுருக்கிய முன்னோடிகளில் ஒருவர் 'மில்வோக்கி ஜேர்னல்' பத்திரிகையின் எட்வேர்ட் பாபர் என்பதை இங்கு குறிப்பிடாமல் போனால் தொழிலுக்குத் துரோகம்.

இந்தக் கருவி உள்ளே செய்யும் வேலை எளிது. சின்னப் பற்றறியின் ஆறு வோல்ற்றை ஒரு சுற்று முந்நூறு வோல்ற்றுக்கு மேல் உயர்த்துகிறது. கொள்ளளவி சில வினாடிகள் அதைக் குடித்து நிரம்புகிறது. சொடுக்கியதும் முழுவதையும் செனன் குழாயில் கொட்டுகிறது. ஒளி இருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு வினாடியளவு. 1950களில் இந்த உயர்த்தும் வேலைக்குப் பதிலாக 510 வோல்ற் உலர் பற்றறியையே சுமந்தவர்களும் உண்டு. திரான்சிஸ்டர் வந்து அந்தச் சுமையைக் குறைத்தது.

1970களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகங்களில் இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று ஜேர்மனியின் மெற்ஸ்; கமராவுக்குப் பக்கத்தில் சுத்தியல் போல நிற்கும். மற்றது யப்பானில் செய்யப்பட்ட விவிற்றார் 283. நான்கு பென்ரோச் பற்றறி, நூறு ஐ.எஸ்.ஓ. பிலிமுக்கு வழிகாட்டி எண் மீற்றரில் 36. வழிகாட்டி எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய துவார எண் கிடைக்கும். மூன்று மீற்றர் தூரத்தில் நிற்கிறவருக்கு எஃப் 12. அவ்வளவுதான் கணக்கு.

இரவில் இது போதும். சிக்கல் பகலில்தான். பகலில் பிளாஷ் எதற்கு என்று கேட்பவர்கள் நம் நாட்டு நண்பகல் வெய்யிலில் படம் எடுத்துப் பார்க்கவில்லை. சூரியன் உச்சியில் நிற்க, கண்குழிகள் இரண்டும் கருங்குழிகளாகிவிடும். பந்தலின் கீழே நிற்கிறவர் கரிக்கட்டை, முற்றத்தில் நிற்கிறவர் வெள்ளைச் சுண்ணாம்பு. அந்த நிழலுக்குள் கொஞ்சம் ஒளியை இட்டு நிரப்பத்தான் பிளாஷ்.

ஆனால் வெய்யிலோடு போட்டி போடுவது இலேசல்ல. நூறு ஐ.எஸ்.ஓ.வுக்கு நல்ல வெய்யில் என்றால் எஃப் 16, வினாடியில் 125 இல் ஒரு பங்கு. பழைய 35 மி.மீ. கமராக்கள் பலவற்றின் திரை ஷட்டர், பிளாஷோடு 60 இல் ஒரு பங்குக்கு மேல் ஒத்துவராது. அப்போது துவாரம் எஃப் 22. விவிற்றாரின் 36 ஐ இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்றரை மீற்றர் சொச்சம். ஒரு தலை தோளுக்கு மட்டும் காணும். 1984 அளவில் நிக்கொன் எஃப்.எம்.2 கமராவில் 250 இல் ஒரு பங்கு வந்தபோது துவாரம் எஃப் 11 ஆகத் திறந்தது. தூரம் மூன்று மீற்றரைத் தாண்டியது. பிளாஷ் மாறவில்லை, பற்றறி மாறவில்லை, ஷட்டர் மாறியதால் பலம் இரட்டித்தது. எங்கள் ஊர் ஸ்ரூடியோக்களில் இருந்த யசிக்கா மற் போன்ற இரட்டைக்கண் கமராக்கள் இந்த விடயத்தில் எல்லோருக்கும் மூத்தவை. வில்லைக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் 500 இல் ஒரு பங்கிலும் ஒத்துப்போகும். எஃப் 8, நாலரை மீற்றர்.

இதை நான் அறிந்துகொண்டது கமராப் புத்தகத்தில் அல்ல. தங்கையின் திருமண வீட்டில்.

1993 ஆவணி. யாழ்ப்பாணத்தில் மூன்று ஆண்டுகளாக மின்சாரம் இல்லை. வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் ரோச் பற்றறியும் இருந்தது. வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான காலம். இந்த நிலைமையில் கலியாணத்துக்குப் படம் பிடிக்க ஒப்புக்கொண்டார் எனக்குத் தெரிந்த ஒரு வயதான ஸ்ரூடியோக்காரர். பிலிம் இரண்டு சுருள் வைத்திருந்தார். யசிக்கா மற் கமரா. விவிற்றார் பிளாஷ். பற்றறி மட்டும் இல்லை.

வவுனியாவில் இருந்து கிளாலிக் கடலால் வந்த ஒருவர் நான்கு பென்ரோச் பற்றறி கொண்டுவந்து கொடுத்தார். எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. பாவித்தவையா புதியவையா என்பதும் தெரியாது. ஸ்ரூடியோக்காரர் அவற்றை இரண்டு நாள் முற்றத்து வெய்யிலில் காயவைத்தார். சைக்கிள் டைனமோவைப் பிளாஷோடு நேரே இணைத்தும் பார்த்தார். ஆறு வோல்ற் சரிதான். ஆனால் டைனமோ தருவது அரை அம்பியர். பிளாஷோ தொடக்கத்தில் பல அம்பியர் கேட்கும். கருவி முனகியதே தவிர விளக்கு எரியவில்லை. மிதித்த பொடியனுக்கு வேர்வைதான் மிச்சம்.

இன்னுமொரு சங்கடம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பிளாஷின் கொள்ளளவி முதல் முறை நிரம்புவதற்கு வழமையிலும் பார்க்க அதிகம் குடிக்கும். ஆகவே சோதித்துப் பார்ப்பதே நட்டம். காலையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, என்ரை கணிப்பிலை ஏழெட்டு வெளிச்சம் தான் இருக்கு. எங்கை எங்கை அடிக்கிறதெண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

கலியாண வீட்டில் மூத்த அண்ணன் நான். அத்தோடு பத்திரிகைக்காரன், எந்தப் படம் முக்கியம் என்று தெரியும் என்ற நினைப்பும் இருந்தது. தாலி கட்டுக்கு இரண்டு என்றேன். கூறை கொடுக்கும்போது ஒன்று. மணவறையில் இருவரும் இருக்க ஒன்று. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று, மரியாதை. ஐயருக்கு ஒன்று என்று அம்மா சொன்னார். ஆறு முடிந்தது.

மத்தியானச் சாப்பாட்டின் பின் பந்தலின் விளிம்பில் ஐயாவும் தங்கையும் நின்றார்கள். தங்கை வெய்யிலில், ஐயா நிழலில். ஐயா ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். ஸ்ரூடியோக்காரர் கமராவைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிளாஷில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அடிக்கட்டோ? ஐயாவின்ரை முகம் விழாது" என்றார். வேண்டாம், பின்னேரம் கால்மாறிப் போகும்போது தேவை, அதற்கு வைத்திருங்கள் என்று சொன்னேன். வெய்யிலுக்குத் துவாரத்தை வைத்து பிளாஷ் இல்லாமலே எடுத்தார். போதாதற்கு, பிளாஷை நிறுத்த வேண்டாம், ஆயத்தமாக இருக்கட்டும் என்றும் நான்தான் சொன்னேன். நிறுத்தாத பிளாஷ் கொள்ளளவியில் கசியும் மின்னை இட்டு நிரப்பிக்கொண்டே இருக்கும். பற்றறியைச் சத்தமில்லாமல் தின்னும். பின்னேரம் தங்கை படியிறங்கியபோது சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

1995 ஒக்ரோபர் 30 இல் ஊரோடு ஊராக நாங்களும் இடம்பெயர்ந்தோம். ஸ்ரூடியோவும் நெகற்றிவ்களும் போயின. ஐயா அடுத்த ஆண்டு தென்மராட்சியில் காலமானார். அவருடைய அடையாள அட்டைப் படத்தைத் தவிர எங்களிடம் மிஞ்சியது அந்தப் பந்தல் படம் ஒன்றே. வெய்யிலில் தங்கையின் சிரிப்பு தெளிவாக விழுந்திருக்கிறது. ஐயாவின் சால்வைக் கரை தெரிகிறது. முகம் இல்லை. படப்பிடிப்பாளர் ஒருவரிடம் பிற்காலத்தில் இதைக் காட்டியபோது, மூன்று மீற்றர், பாதிப் பலம் போதும், ஒரேயொரு பிளாஷ் என்று கணக்குச் சொன்னார். நான் கேட்டிருக்கத் தேவையில்லை.

மருமகனின் கேள்விக்கு வருகிறேன். இன்று நிலைமை முற்றாக மாறிவிட்டது. எண்பதுகளில் அமெரிக்கச் சஞ்சிகைக்காரர்கள் 200 யூல் வலுவுள்ள நோர்மன் 200பி பிளாஷைத் தனிப் பற்றறிப் பெட்டியோடு தோளில் தொங்கவிட்டார்கள். அதிலும் பெரியவற்றுக்கு ஈயப் பற்றறி, கழுத்து முறியும். 2006 இல் 'பால்ற்றிமோர் சன்' பத்திரிகைப் படப்பிடிப்பாளர் டேவிட் ஹொபி, சின்னப் பிளாஷ்களைக் கமராவில் இருந்து கழற்றி எட்ட வைத்து எரிக்கும் வித்தையை உலகம் முழுவதற்கும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு இலிதியம் பற்றறி. 2013 இல் சுவீடனின் புறோபோட்டோ பி1, 500 யூல், கம்பி இல்லை, பற்றறி தலையோடு. 2017 இல் சீனாவின் கொடொக்ஸ் ஏடி200, ஒரு போத்தலிலும் சிறிது, 200 யூல், ஒரு தடவை ஏற்றினால் முழுப் பலத்தில் ஐந்நூறு ஒளி என்று தயாரிப்பாளர் கூறுகிறார். ஐந்நூறு! எனக்கு ஏழு கிடைக்கவில்லை.

கசூரினாவில் ஆனி மாதம் சோளகம் வீசும். குடை விரித்தால் குடையும் கம்பமும் கடலுக்குள் போகும். ஆகவே 600 யூல் ஒன்றை வாங்கிக் கம்பத்தில் நிறுத்துவதிலும் 200 யூல் இரண்டு வாங்கி ஒரு பொடியனின் கையில் கொடுப்பதே என் தெரிவு. ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். இரண்டையும் சேர்த்து எரித்தால் 400. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காற்பங்காகிவிடும் என்பதை நினைவில் வைத்து, ஆளுக்குக் கிட்ட, படத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே பிடிக்க வேண்டும். அதிவேக ஷட்டரோடும் ஒத்துப்போகும் என்று இப்போதைய கருவிகள் எல்லாம் விளம்பரம் செய்கின்றன. செய்யும்; ஆனால் ஒளியைப் பல துண்டாக நறுக்கித்தான் செய்யும், பலத்தில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். சூரியன் சாயும் வரை பொறுத்தால் அந்த வசதியே தேவைப்படாது. வழிகாட்டி எண்ணைப் பெரிதாக அச்சடித்திருப்பவர்களிடம் அது எந்த ஐ.எஸ்.ஓ.வுக்கு, ஒளியை எவ்வளவு குறுக்கிய நிலையில் என்று கேட்க வேண்டும். யூல் கணக்கில் இந்த விளையாட்டுக் குறைவு. வீட்டில் இருக்கும் பழைய விவிற்றாரைப் புதிய கமராவில் பொருத்தவே கூடாது. பழையவற்றில் சிலவற்றின் இணைப்பு முனையில் இருநூறு வோல்ற்றுக்கு மேல் இருக்கும், கமரா எரிந்துவிடும்.

விமானத்தில் நூறு வோற்று மணிக்கு உட்பட்ட இலிதியம் பற்றறிகளைக் கைப்பையில் கொண்டுவரலாம். ஏடி200 இன் பற்றறி நாற்பத்திரண்டு அளவில் வரும். உதிரிப் பற்றறியைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பத்தான் முடியாது.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய மறுநாள் மருமகன் மீண்டும் பேசினார். இரண்டு வாங்கிவிட்டாராம். பந்தல் படத்தை உயர்ந்த தரத்தில் ஸ்கான் செய்து அனுப்பச் சொன்னார். கணினியில் நிழலைக் கிளறிப் பார்க்கலாம் என்றார். அனுப்பினேன். இரண்டு நாளில் திருப்பி அனுப்பியிருந்தார். சால்வையின் நெசவு முன்னிலும் நன்றாகத் தெரிகிறது. காது மடல் ஒன்று தெரிகிறது போல இருக்கிறது. தங்கை அது ஐயாவின் காதுதான் என்கிறாள்.

ஆனியில் வரும்போது உதிரிப் பற்றறி நான்கு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.